கருவி கூரையில், செய்தி யார் கையில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

புதிய தொழில்நுட்பத்தை வைத்து நாடுகள் வறுமையையும் பேரிடரையும் எப்படிச் சமாளிக்கின்றன என்று நம் நாளிதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். செயற்கைக்கோள் என்ற சொல் வந்த இடத்திலெல்லாம் மகன் மீன்பிடிக்கப் போகும் போட்டின் கூரைதான் கண்முன் வந்தது.

நாங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கத்துக் கரைக்காரர்கள். என் வீட்டுக்காரர் முப்பது வருடம் சுறாத் தூண்டிலுக்குப் போனவர். இப்போது மகன் போகிறான். ஒருமுறை இறங்கினால் திரும்ப ஒரு மாதம்கூட ஆகும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் ஆட்கள் பல நாளுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். 'கடலுக்குப் போகாதே' என்ற எச்சரிக்கை, ஏற்கெனவே கடலில் இருப்பவனுக்கு எப்படிப் போய்ச் சேரும்? கரையில் இருக்கும் வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் கரை ஒதுங்கியவர்கள் போன் செய்த பிறகுதான் அந்தந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. போனே வராத வீடுகள் எங்கள் தெருவிலும் உண்டு.

அதன்பிறகு அரசு சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒரு லட்சம் படகுகளில் இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கி அனுப்பும் கருவி) பொருத்த 364 கோடி ரூபாய் திட்டம் 2023-இல் வந்தது. செயற்கைக்கோள் வழியாக வரும் புயல் செய்தியை ஸ்ராங்கு, அதாவது படகை ஓட்டுபவர், தன் செல்போனில் ஒரு ஆப் வழியாகப் பார்க்கலாம். ஆபத்து என்றால் படகிலிருந்தும் தகவல் அனுப்பலாம். மகன் போகும் போட்டிலும் பொருத்தினார்கள். நல்ல சாமான்தான்.

போன வருடம் ஸ்ராங்கு கோபித்துக்கொண்டு வேறு போட்டுக்குப் போய்விட்டார். அந்த ஆப் இருந்த செல்போனும் அவரோடு போய்விட்டது. புது ஸ்ராங்கின் போனில் அதை எப்படி ஏற்றி இணைப்பது என்று போட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டு இடங்களில் கேட்டோம்; 'எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்' என்றார்கள். அந்த ட்ரிப் முழுவதும் கருவி கூரையில் விளக்கு எரிந்துகொண்டு இருந்தது. செய்தி வந்திருந்தால் அதைப் படிக்கக் கீழே ஆளில்லை.

மீனவனுக்குப் படிப்பறிவு போதாது என்று யாரும் சொல்ல வரவேண்டாம். மலையையும் கோவில் கோபுரத்தையும் நேர் பார்த்து இடம் குறித்தவர்கள், ஜி.பி.எஸ். வந்ததும் அதைப் பழகிக்கொண்டார்கள். தண்ணீருக்குள் மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் எக்கோ சவுண்டரை ஒரே ட்ரிப்பில் கற்றுக்கொண்டார்கள். அந்த மீன் காட்டும் கருவியை விற்றவன் போட்டிலேயே ஏறி உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தான். உயிர் காக்கும் கருவியைத் தந்தவர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வங்கதேசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1970 புயலில் மூன்று லட்சம் பேருக்குக் குறையாமல் செத்தார்கள். 2007-இல் சிடர் புயலும் பெரும்புயல்தான். பலி சில ஆயிரங்களோடு நின்றது. அந்த இடைவெளியில் அவர்கள் செயற்கைக்கோளை மட்டும் நம்பவில்லை. புகலிடங்கள் கட்டினார்கள். கைஒலிபெருக்கியோடு ஊர் ஊராகச் சொல்லிப் போகும் தொண்டர் படையை வளர்த்தார்கள். இன்று அதில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள்; பாதிப்பேர் பெண்கள். நம்மைவிடப் பணக்கார நாடு இல்லை அது.

எங்களுக்கும் வேண்டியது அப்படி ஒரு ஆள்தான். படகுக்குப் போகும் அதே செய்தி ஊரில் நாலு பெண்களின் போனுக்கும் வரட்டும். யார் எந்தப் போட்டில் போயிருக்கிறார்கள் என்ற பட்டியலும் அவர்களிடம் இருக்கட்டும். ஒக்கி நேரத்தில் காணாமல் போனவர்களின் கணக்கு அரசிடம் ஒன்று, பங்குக் கோவில்களில் (ஊர் தேவாலயங்களில்) ஒன்று என்று கிடந்ததை நாங்கள் மறக்கவில்லை.

ஜூன், ஜூலை இரண்டு மாதமும் இங்கே மீன்பிடித் தடைக்காலம். ஆண்கள் வீட்டில்தான் இருப்பார்கள். வலை கட்டுவது, என்ஜின் வேலை, சீட்டாட்டம் எல்லாம் போகவும் நேரம் மிச்சம் இருக்கும். அந்த நாட்களில் விவரம் தெரிந்த ஒருவரை ஊருக்கு அனுப்பினால், ஆகஸ்ட் 1-க்கு முன்னால் ஸ்ராங்கு மட்டுமல்ல, சமையல் பையன்கூட அந்த ஆப்பைப் பழகிவிடுவான்.

இப்படிக்கு,
தூத்தூர் பகுதி வாசகி,
கன்னியாகுமரி மாவட்டம்