எவ்வளவு ஓடியது என்பதைவிட எதைச் சுமந்தது

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். நீ அனுப்பிய மூன்று பழைய டீசல் பிக்கப் வண்டிகளின் படங்களையும் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஈப்போவில் உள்ள 2011 ஹைலக்ஸ் 3.0, ஓட்டம் 230,000 கிலோமீட்டர். உங்கள் ஊர் குளுவாங்கிலேயே இருக்கும் 2012 ட்ரைட்டன் 2.5. தோட்டத்து வண்டியான 2014 டி-மேக்ஸ் 3.0, மீட்டரில் 96,000 மட்டும். டி-மேக்ஸ்தான் குறைவாக ஓடியிருக்கிறது, அதையே எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதேம்மா. பழைய டீசல் வண்டியில் கிலோமீட்டர் சொல்வது கொஞ்சம்தான். எதைச் சுமந்தது, எந்த மண்ணில் உழைத்தது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் உன் வேலைக்குப் பிக்கப் போதுமா என்று கணக்குப் போடு. 6 ஏக்கர் செம்பனை. நல்ல உரம் போட்டு, மரம் நடுவயதில் இருந்தால் மாதம் மூன்றரை டன் பக்கம் வரும். மாதத்துக்கு இரண்டு வெட்டு என்றால் ஒரு வெட்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு டன். பிக்கப்பின் சுமை ஏறக்குறைய ஒரு டன், அதில் உள்ளே உட்காருகிறவர்களும் சேர்த்தி. 20 கிலோ குலை 45 ஏற்றினால் 900 கிலோ. ஆக, வெட்டு நாளில் இரண்டு நடை. பழம் வாங்கும் இடமான ரேம்ப் பக்கத்தில் இருப்பதால் இது தாங்கும். ஆனால் மாப்பிள்ளை சொல்கிற மாதிரி பக்கத்து நிலத்துக்காரர்களின் பழத்தையும் சேர்த்து ஏற்றுவதாக இருந்தால் இந்த மூன்றுமே வேண்டாம், மூன்று டன் லோரி பார். பலகை அடித்துப் பின்பக்கப் பெட்டியை உயர்த்தி இரண்டு டன் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வண்டிகள்தான் பிறகு பெயின்ட் அடித்து விற்பனைக்கு வருகின்றன.

டீசல் விலையையும் கணக்கில் வை. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் மானியம் எடுக்கப்பட்டபோது லிட்டர் 2.15-இலிருந்து ஒரே நாளில் 3.35 வெள்ளி ஆனது. இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் தேய்ந்து டீசலைக் கொட்டும் வண்டி முன்பு கொஞ்சம்தான் கடித்தது. இப்போது நன்றாகவே கடிக்கும்.

இனி கிலோமீட்டர் விஷயம். நெடுஞ்சாலையில் ஓடிய 230,000 என்பது பெரும்பாலும் ஐந்தாவது கியரில், சீரான சூட்டில், சுத்தமான காற்றை இழுத்து ஓடியது. தோட்டத்தில் ஓடிய 96,000 முதல் கியர், இரண்டாவது கியர், செம்மண் தூசி, வடிகால் தண்ணீர். அங்கே பாதி நேரம் இன்ஜினை அணைக்காமலே நிறுத்தி வைத்து ஆட்கள் பழம் ஏற்றுவார்கள். சக்கரம் நிற்கும், இன்ஜின் தேயும், மீட்டரில் ஒன்றும் ஏறாது. அதனால் அந்த 96,000-ஐ 200,000-க்குச் சமமாக வைத்துப் பார்ப்பதே சரி என்பேன்.

தோட்டத்து வண்டியிலும் பழம் ஏற்றியது வேறு, உரம் ஏற்றியது வேறு. பழம் ஏற்றியது பெட்டியை நசுக்கும், கீறும். உரம் ஏற்றியது இரும்பையே தின்னும். பொட்டாஷ் உரத்தில் குளோரைடு இருக்கிறது. மூட்டை கிழிந்து சிந்தியது நம் ஊர் ஈரத்தில் கரைந்து உப்புத் தண்ணீராகி, பெட்டியின் மூலைக்கும் வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்குள்ளும் இறங்கிவிடும். மேலே பிளாஸ்டிக் தட்டு போட்டிருந்தால் இன்னும் மோசம். தட்டுக்கும் தகரத்துக்கும் நடுவில் உரம் தங்கி, வெளியில் தெரியாமல் அரிக்கும். எனவே பெட்டியின் பிளாஸ்டிக்கைத் தூக்கிக் காட்டச் சொல். முடியாது என்று சொன்னால் அங்கேயே கிளம்பிவிடு.

அடுத்தது சட்டம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பக்கவாட்டில் நின்று கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார். மேலும் கீழும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். மேலே விரிந்து கீழே ஒடுங்கியிருந்தால், பின்பாரம் அழுத்திச் சட்டம் கேபினுக்குப் பின்னால் வளைந்துவிட்டது என்று பொருள். இரண்டு பக்கமும் பார்த்து ஒப்பிடு. பிறகு கீழே படுத்து, கைப்பேசி விளக்கை அடித்து, பின் ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடங்களிலும் அச்சுக்கு மேலே ரப்பர் முட்டும் இடத்திலும் விரிசலோ வெல்டிங் தழும்போ இருக்கிறதா என்று தேடு. சட்டத்தின் ஓட்டைகள் வழியாக உள்ளேயும் விளக்கு அடி. ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போ. நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்த இடம் மந்தமாகக் கேட்கும். ட்ரைட்டன் படத்தில் அடிப்பக்கம் முழுக்கப் புதுக் கறுப்புத் தார்ப்பூச்சு தெரிகிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு மேலான வண்டிக்கு விற்கிற வாரத்தில் தார் பூசுவதென்றால் எதையோ மூடியிருக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்பிரிங் பட்டைகளை எண்ணு. பழைய துருப்பிடித்த பட்டைகளுக்கு நடுவில் ஒன்றிரண்டு புதுசாகத் தெரிந்தால், பட்டைகளை அச்சோடு கட்டும் யூ-போல்ட் நீளமானதாக மாற்றியிருந்தால், அதிகபாரம் ஏற்றத்தான் அதைச் செய்திருப்பார்கள். பின் டயரையும் பார். இந்த வண்டிகளில் பின்னச்சு ஒரே துண்டு. டயர் சாய்ந்து தேய வழியே கிடையாது. பின் டயர் இரண்டும் உள்ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சுக்கூடு பாரத்தில் வளைந்துவிட்டது. இதை எந்தப் பாலிஷும் மறைக்காது. டயர் புதுசாக இருந்தால், பழையதை எங்கே போட்டீர்கள் என்று கேள்.

இன்ஜினைக் காலையில் குளிர்ந்த நிலையில்தான் பார்க்க வேண்டும். நான் வருவதற்கு முன் முடுக்காதீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிடு. போனதும் பானட்டில் கை வை. சூடாக இருந்தால் அந்தக் கவனிப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது, இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பு.

முடுக்குவதற்கு முன் மூன்று காரியம். இன்ஜின் எண்ணெய் அளவு காட்டும் கம்பியை இழுத்துப் பார். கோட்டுக்கு மேலே நின்று டீசல் வாசம் அடித்தால் இன்ஜெக்டர் ஒழுகி எண்ணெயோடு கலக்கிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து, எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பார். மூன்றாவது, தோட்டத்து வண்டிக்கு இதுதான் முக்கியம்: காற்று ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஃபில்டரைத் தாண்டி டர்போவுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை விரலால் துடை. விரலில் செம்மண் வந்தால், ஃபில்டர் சரியாக உட்காராமல் தூசி நேராக இன்ஜினுக்குள் போயிருக்கிறது. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கும். அந்த வண்டியை இனாமாகக் கொடுத்தாலும் நமக்கு வேண்டாம்.

முடுக்கியதும் புகையைப் பார். வெள்ளைப் புகை ஒரு நிமிஷத்தில் அடங்கினால் பரவாயில்லை. அடங்காமல் கண் எரிந்தால் எரியாத டீசல், அதாவது இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரஷன் கோளாறு. நீலம் என்றால் இன்ஜின் எண்ணெய் எரிகிறது. மிதிக்கும்போது கருப்பாகக் கொட்டினால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். சூடாவதற்கு முன்பே, இரண்டு நிமிஷத்துக்குள், ரேடியேட்டர் குழாய் கல் மாதிரி இறுகினால் இன்ஜின் தலைப்பகுதியின் அடைப்பான ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. பிறகு எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே வாயில் தலைகீழாக வை. லேசாக ஆடுவது டீசலுக்கு இயல்பு. தூக்கி எறிந்தாலோ குபுகுபுவென்று புகைத்தாலோ ரிங் முடிந்துவிட்டது.

ஹைலக்ஸின் 1கேடி இன்ஜினுக்கு ஒரு தனி நோய் உண்டு. இன்ஜெக்டர் அடியில் இருக்கும் செம்பு வாஷர் கசிந்தால், எரிந்த வாயு எண்ணெயோடு கலந்து தார் மாதிரி கட்டியாகும். அது கீழே எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்தால் இன்ஜின் எண்ணெய் இல்லாமல் வறண்டு பிடித்துக்கொள்ளும். எண்ணெய் மூடிக்கு அடியில் கறுப்பாகக் கெட்டிப் பொருக்கு இருந்தால் இதைச் சந்தேகப்படு. வண்டி பழுது பார்க்கும் நம் போமனைக் கூட்டிப்போய் இன்ஜெக்டர் ரிட்டர்ன் சோதனை செய்யச் சொல்: மிச்ச டீசல் திரும்பி வரும் நாலு ரிட்டர்ன் குழாய்க்கும் நாலு பாட்டில் மாட்டி ஓடவிட்டால், எந்தப் பாட்டில் சீக்கிரம் நிரம்புகிறதோ அந்த இன்ஜெக்டர் தேய்ந்தது. வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டையும் மறக்காதே. அந்த இன்ஜினுக்கு 150,000-இல் மாற்றச் சொல்லி மீட்டரில் விளக்கு எரியும். ஆனால் பெல்ட்டை மாற்றாமலே விளக்கை அணைக்க முடியும். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலையில் கழி.

ட்ரைட்டனின் 4டி56-இல் பெல்ட் இரண்டு. சின்னது, பேலன்சர் பெல்ட், அறுந்து பெரிய பெல்ட்டில் சிக்கினால் வால்வு பிஸ்டனில் மோதும். இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். டி-மேக்ஸின் 4ஜேஜே1-இல் பெல்ட் கிடையாது, செயின். மூன்றில் உழைப்பாளி அதுதான், அதை மறைக்கமாட்டேன். சும்மா நிற்கும்போது இன்ஜின் சுற்று வேகமான ஆர்பிஎம் ஏறி இறங்கி ஊசலாடினால் டீசல் பம்பில் இருக்கும் கட்டுப்பாட்டு வால்வாக இருக்கலாம். அதற்குப் பயப்படாதே, தனியாக மாற்றலாம்.

டீசல் ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பார். நம் பம்பில் வரும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலந்திருக்கிறது. அது தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். நாள்கணக்கில் நின்ற வண்டியின் டாங்கில் பாசி மாதிரி சளி பிடிக்கும். பாட்டிலின் அடியில் தண்ணீரோ கறுப்புச் சளியோ தங்கினால், பம்பும் இன்ஜெக்டரும் அதைக் குடித்துக்கொண்டுதான் ஓடியிருக்கின்றன.

ஓட்டிப் பார்ப்பதற்கு ஈப்போ நல்ல இடம். வடக்கே நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கத்துக்கு ஏறும் மேட்டில் நாலாவது கியரில் முழுக்க மிதி. ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. சூட்டு முள் நடுவைத் தாண்டக் கூடாது. நான்கு சக்கர இழுவையை மண் பாதையில் மட்டும் போட்டுப் பார், ஹை, லோ இரண்டும். தார் ரோட்டில் போட்டுத் திருப்பினால் பல் இறுகிக்கொள்ளும். பின்னச்சு எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பால் நிறமாக இருந்தால் தண்ணீருக்குள் இறங்கிய வண்டி. 2021 டிசம்பரில் கிள்ளான், ஷா ஆலம் பக்கமும், 2023 மார்ச்சில் உங்கள் ஜோகூரிலும் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் ஏராளம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார், சேற்றுக்கோடு அங்கேதான் மிஞ்சும்.

உள்ளே ரேடியோ, சீட் உறை, அதெல்லாம் விடு. ஏர்கான் மட்டும் பார்.

வண்டியின் பதிவுத் தாளான கிரானில் வங்கி உரிமை நிற்கிறதா, சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் பொருந்துகிறதா, சம்மன் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடு. இன்ஜின் பழைய வண்டிப் பாகம் விற்கும் ஆஃப்கட் கடையில் வாங்கி மாற்றியதாக இருந்தால், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் பதிவில் புது எண் ஏறியிருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோமின் பி5 சோதனை, கடனுக்கு வாங்கினால் அதோடு பி7-உம். பி5-இல் பாஸ் ஆகிவிட்டது என்று விற்கிறவர் சொன்னால், எண்ணும் உடம்பும் சரி என்றுதான் அதற்குப் பொருள். ரிங்கும் இன்ஜெக்டரும் நன்றாக இருக்கின்றன என்று அந்தத் தாள் சொல்லாது.

வாங்கும் பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதே. ஆறில் ஒரு பங்கைக் கையில் வை. எடுத்த வாரமே இன்ஜின் எண்ணெய் ஏழு லிட்டர் அளவு, கியர்பாக்ஸ், நான்கு சக்கர இழுவைக்கான டிரான்ஸ்ஃபர், முன் பின் அச்சு எண்ணெய், கூலன்ட், டீசல் ஃபில்டர், காற்று ஃபில்டர், ஹைலக்ஸ் என்றால் பெல்ட்டும் வாட்டர் பம்பும் சேர்த்து மாற்ற வேண்டும். வெட்டிய பழம் காத்திருக்காதும்மா. ஒரு நாள் தாமதித்தால் அமிலம் ஏறி ரேம்ப்பில் விலை குறைப்பார்கள். வெட்டு நாளில் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிற வண்டி நமக்கு இரட்டை நட்டம்.

என் தீர்ப்பு இது. ட்ரைட்டனை விட்டுவிடு, அந்தத் தார்ப்பூச்சே போதும். டி-மேக்ஸ் இன்ஜின் மேல் எனக்கு மரியாதை உண்டு. காற்றுக்குழாய் சுத்தமாக, பெட்டி அரிக்காமல், பின் டயர் நேராகத் தேய்ந்திருந்தால் அதை எடு, 96,000-க்கான விலையை மட்டும் கொடுக்காதே. விற்பனைப் பிரதிநிதி ஓட்டிய ஹைலக்ஸுக்குச் சர்வீஸ் புத்தகம் இருக்கிறது என்று சொன்னாயே, ரிட்டர்ன் சோதனையில் நாலு பாட்டிலும் சமமாக வந்தால் என் மனசு அதன் பக்கம்தான்.

நீ சனிக்கிழமை வரும்போது ஹைலக்ஸைக் காலை எட்டு மணிக்குப் பார்ப்பதாகச் சொல்லி வை, போமனிடம் நான் பேசிக்கொள்கிறேன். டி-மேக்ஸுக்கு அதற்குள் மூன்று படம் எடுத்து அனுப்பு: பிளாஸ்டிக்கைத் தூக்கிய பெட்டி, பின்னாலிருந்து இரண்டு டயரும், காற்றுக்குழாயைத் துடைத்த உன் விரல்.

அன்புடன்
அப்பா