மையம் சேராத 12 அங்குல மரக் கடைசல் லேத் குறித்த நான்காவது புகார்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், அம்பாசமுத்திரம்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். முந்தைய மூன்று கடிதங்களுக்கும் "தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற குறுஞ்செய்தியைத் தவிர வேறெதுவும் வராததால், பொறுமையின் கடைசிப் படியில் நின்று இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் தங்கள் உதவி எண்ணில் பேசியவர், கட்டையின் மறுமுனையைத் தாங்கும் பகுதியான டெயில்ஸ்டாக்கைக் கழற்றிக் கோயம்புத்தூர் சேவை மையத்துக்குக் கொண்டுவந்தால் உடனே சரிசெய்து தருவதாகச் சொன்னார். பத்துக் கிலோவுக்குக் குறையாத அந்த வார்ப்பிரும்பைச் சாக்கில் கட்டி, இரவுப் பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு, "கட்டையைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக்கும், இரண்டையும் தாங்கும் பெட்டும் இல்லாமல் இதை மட்டும் வைத்துக்கொண்டு மையத்தை எப்படிப் பார்ப்பது?" என்று கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் சரி. அது தங்கள் உதவி எண்ணில் இருப்பவருக்குத் தெரியாமல் போனது எப்படி? வெளியிலிருந்தே அவரை அழைத்தபோது, "பொம்மை கடைகிற லேத்துக்கு மில்லிமீட்டர் கணக்கெல்லாம் எதற்கு சார்?" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார். மரச் செப்புச் சாமானுக்குப் பெயர்பெற்ற ஊர்க்காரனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது?

மில்லிமீட்டர் எதற்கு என்று இப்போது சொல்கிறேன். ஹெட்ஸ்டாக்கிலும் டெயில்ஸ்டாக்கிலும் எதிரெதிரே உள்ள கூர்முனைகளான இரண்டு சென்டர்களையும் நெருக்கி வைத்தால் முனைகள் சந்திக்காமல் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் விலகி நிற்கின்றன. கட்டையைக் கவ்வும் சக்கில் பம்பரத்தைப் பிடித்து, டெயில்ஸ்டாக்கில் துரப்பணத்தை மாட்டி ஆணிக்குத் துளையிட்டால், துளையின் வாய் அகன்று ஆணி ஆடுகிறது. பம்பரம் தலையாட்டிக்கொண்டு இரண்டு சுற்றில் படுத்துவிடுகிறது. இப்படி நாற்பது பம்பரங்களை அடுப்பில் போட்டேன்.

வாங்கும் முன் தங்கள் விற்பனையாளரிடம் நான் கேட்டவை மூன்றே கேள்விகள்: வீட்டின் சிங்கிள் ஃபேஸ் மின்சாரத்தில் ஓடுமா, பெட் வார்ப்பிரும்பா, மிகக் குறைந்த வேகம் எவ்வளவு. 8 அங்குல விட்டம் வரை கடையும் லேத் போதும் என்றிருந்த என்னை, "கிண்ணம் கடைய வேண்டாமா?" என்று கேட்டு 12 அங்குலத்துக்கு ஏற்றிவிட்டவரும் அவரே. குறைந்த வேகம் நிமிடத்துக்கு 500 சுற்று என்றார். விளக்கத் தாளிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் பெல்ட்டை மிகக் குறைந்த வேகத்துக்கான கடைசிப் பள்ளத்தில் மாற்றி, மோட்டார் கடைக்காரரின் டாக்கோமீட்டரை (சுழல்வேகம் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் 1,100 காட்டுகிறது. விட்டத்தை அங்குலத்திலும் வேகத்தைச் சுற்றிலும் வைத்துப் பெருக்கினால் 6,000 முதல் 9,000க்குள் வர வேண்டும் என்பது கடைசல்காரர்களின் பொதுக் கணக்கு. 10 அங்குலக் கட்டைக்கு இந்த எந்திரத்தில் 11,000 வருகிறது. சமன் செய்யாத பச்சைக் கட்டையை அந்த வேகத்தில் சுற்றினால் அது சக்கை விட்டு என் முகத்துக்கு வராது என்று தாங்கள் எழுதிக் கொடுப்பீர்களா?

தங்கள் நிறுவனத்தின் மீது எனக்குத் தனிப்பட்ட பகை ஏதும் இல்லை. மோட்டார் நன்றாகவே ஓடுகிறது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் ஓய்வுக்குப் பிறகு வாழ்நாள் கனவாகப் போட்ட பட்டறை ஐந்து மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. எந்திரத்துக்குக் கொடுத்த 78,000 ரூபாய் போகட்டும், இரண்டு திருவிழாக் காலத்து விற்பனையும் என் மன நிம்மதியும் சேர்ந்து போனதை எந்தத் தொகையாலும் ஈடுகட்ட முடியாது.

ஆகவே, இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் விளக்கத் தாளில் உள்ளபடியான எந்திரத்தை மாற்றித் தருமாறு, அல்லது முழுத் தொகையையும் பயணச் செலவையும் திருப்பித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடுவதோடு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் செல்வேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை.

எந்திரத்தைத் தங்கள் ஆட்களே வந்து எடுத்துச் செல்லட்டும். இனி எதையும் சாக்கில் கட்டித் தூக்கி வருவதாக இல்லை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், விளக்கத் தாள் நகல், கோயம்புத்தூர் சென்று வந்த பேருந்துச் சீட்டுகள் இரண்டு.