பேஸ்லிப்பில் அந்த ஒரு சொல்

தம்பி,

நீ ஆஸ்திரேலியாவிலிருந்து அனுப்பிய பேஸ்லிப் (சம்பளச் சீட்டு) போட்டோவை விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். சம்பளம், ஓவர்டைம், வரி, எல்லாம் சரி. கடைசியில் 'விசா' என்று ஒரே சொல், அதற்கு நேரே 150 டாலர் கழிவு. நீ போனில் "அது ஒண்ணுமில்லப்பா, ஓனர் எனக்காகக் கட்டின பணம், வாரா வாரம் பிடிச்சுக்கறார்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாய். ஒன்பது வாரமாகப் பிடிக்கிறார் என்றால் 1,350 டாலர் ஆச்சு. இருபது வாரம் பிடித்தால் சரியாக 3,000. அந்த 3,000 என்ன கணக்கு என்று எனக்கு இப்போது தெரியும்.

தெருக்கோடி வாத்தியார் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இரண்டு ராத்திரி அந்த நாட்டு அரசாங்கப் பக்கங்களைப் படிக்கச் சொன்னேன். நீ இருப்பது 494 விசா, 'ரீஜனல்' என்று அரசு குறித்த ஊர்களில் வேலை செய்ய முதலாளி ஸ்பான்சர் பண்ணும் தற்காலிக விசா. அதற்கு ஆள் எடுக்கும் முதலாளி, உன்னை நாமினேட் பண்ணும்போதே, அதாவது உன் பெயரை அரசிடம் கொடுக்கும்போதே, அரசுக்கு லெவி என்று ஒரு கட்டணம் கட்ட வேண்டும். சின்னக் கம்பெனி என்றால் 3,000 டாலர், பெரிய கம்பெனி என்றால் 5,000. அதை முதலாளிதான் கட்ட வேண்டும், வேலைக்காரனிடமிருந்து திரும்ப வாங்கக் கூடாது, அது சட்ட விரோதம். ஸ்பான்சர் பண்ணுகிறேன் என்று பணம் கேட்பதே 2015 டிசம்பரிலிருந்து அங்கே குற்றம். நீ அவருக்குக் கடன்பட்டவன் இல்லை. இதை முதலில் மண்டையில் ஏற்றிக்கொள்.

உன் குரலில் இருந்தது பயம் என்று எனக்கு ஏன் தெரிந்தது தெரியுமா? அதே குரலில் நானும் பேசியிருக்கிறேன். 1996-ல் மஸ்கட்டில் வெல்டிங் வேலை. போய் இறங்கிய அன்றே அர்பாப், அதாவது அங்கத்து முதலாளி, பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார், 26 மாசம் அதை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஏஜெண்டுக்குக் கொடுக்க உன் அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிருந்தது, அதனால் சம்பளம் மூன்று மாசம் தள்ளிப்போனபோதும் வாயைத் திறக்கவில்லை. ஊருக்குப் போன் போட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வேன். அன்றைக்கு என் பக்கம் யாரும் இருந்தார்களா என்றுகூட எனக்குத் தெரியாது, கேட்கவும் பயம். உனக்கு அப்படி இல்லை. பாஸ்போர்ட் உன் பெட்டியில் இருக்கிறது, சட்டமும் உன் பக்கம் இருக்கிறது.

அவர் கோபித்துக்கொண்டு வேலையை விட்டு அனுப்பினால் என்ன செய்வது என்றுதானே யோசிக்கிறாய்? அதையும் பார்த்தோம். முன்பு 90 நாள்தான் கொடுப்பார்கள், 2024 ஜூலை 1 முதல் ஒரே மூச்சில் 180 நாள் வரை, விசாக் காலம் முழுக்கச் சேர்த்து 365 நாள் வரை வேறு முதலாளியைத் தேடலாம். ஆனால் புது முதலாளி மறுபடியும் நாமினேட் பண்ண வேண்டும், நீ புதிதாக 494-க்கு மனுப் போட வேண்டும், அது சுலபம் என்று நான் சொல்ல வரவில்லை. டிராக்டரும் ஹார்வெஸ்டரும் ஓடும் ஊரில் டீசல் மெக்கானிக்குக் கிராக்கி இருக்கும் என்பது என் கணிப்பு. மெல்பர்ன் பசங்க கூப்பிடுகிறார்கள் என்றாயே, அதை மட்டும் மற. மெல்பர்ன், சிட்னி, பிரிஸ்பேன் மூன்றும் உன் விசாவுக்கு ஆகாது. அடிலெய்டும் பெர்த்தும் அவர்கள் கணக்கில் ரீஜனல்தானாம், வேடிக்கைதான், நம் கடலூரைக் கிராமம் என்று சொல்வது மாதிரி.

மூன்று வருஷம் முடிந்தால் 191, அதுதான் நிரந்தர விசா. அதற்கு முதலாளியின் கையெழுத்தே வேண்டாம், மூன்று வருஷ வரி நோட்டீஸ்களும், விசா நிபந்தனைப்படி நடந்ததற்கு ஆதாரமும் போதும் என்று அந்தப் பெண் இரண்டு தடவை படித்துக் காட்டினாள். உனக்கு இரண்டு வருஷம் இரண்டு மாசம் ஆகிவிட்டது, மீதி பத்து மாசம். அந்தப் பத்து மாசத்தைக் காட்டித்தான் அவர் உன்னைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இது என் தப்பு. நம் புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டில் 'பி.ஆர்., பி.ஆர்.' (வெளிநாட்டில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை) என்று நான்தான் உன்னை விரட்டினேன். பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் பக்கத்து வீட்டைப் பார்த்து வளர்ந்தவன் நான். பிரான்ஸ் நம் ஊரை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்தபோது, ஆறு மாசத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தார், உன் தாத்தா கொடுக்கவில்லை. "நம்ம ஊர விட்டுட்டா?" என்று கேட்டாராம். பாதி ஆயுசு நான் அவரைத் திட்டியிருக்கிறேன். அந்தக் கோபத்தை உன் தலையில் இறக்கியது நியாயமில்லை. பி.ஆர். கிடைத்தால் சந்தோஷம்தான், அதற்காக எவனுக்கும் வாரம் 150 டாலர் கப்பம் கட்டாதே.

இப்போது செய்ய வேண்டியது. ஒன்பது பேஸ்லிப்பையும் பேங்க் ஸ்டேட்மெண்டையும் உன் சொந்த மெயிலில் போட்டு வை, கம்பெனி மெயிலில் வேண்டாம். அவர் பணத்தைப் பற்றி அனுப்பிய மெசேஜ் எதையும் அழிக்காதே. அப்புறம் வேலைக்காரர் புகாரைக் கேட்கும் அரசு அலுவலகமான ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மனுக்கு 13 13 94-ல் கூப்பிடு, தமிழில் பேச வேண்டும் என்றால் முதலில் 13 14 50-ஐக் கூப்பிட்டு மொழிபெயர்ப்பாளரைக் கேள். சுரண்டலைப் புகார் சொல்கிறவர்களின் விசா ரத்தாகாமல் காப்பாற்ற 2024-ல் ஏற்பாடு வந்திருக்கிறது, அது உனக்குப் பொருந்துமா என்று அவர்களிடமே கேட்டுவிடு. அதற்கு முன்னால் முதலாளியிடம் போய்ச் சண்டை போடாதே, நீ சட்டென்று கொதிக்கிறவன், என் ரத்தம்.

அம்மா சுறாக் கருவாடு பார்சல் அனுப்பட்டுமா என்று கேட்கிறாள். அங்கே சாப்பாட்டுச் சாமானைச் சோதனை போட்டுப் பிடுங்கிவிடுவார்கள் என்று சொன்னேன், நம்பவில்லை. நீயே சொல்லிவிடு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது பேஸ்லிப்பெல்லாம் பக்கத்தில் இருக்கட்டும், நான் ஒவ்வொன்றாகக் கேட்பேன்.

அப்பா