சாமந்தி சட்டை உரித்தாள்

பாலக்கோடு,
புதன்கிழமை.

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. நீ எங்களிடம் விட்டுப்போன டரான்டுலா சிலந்தி சாமந்தி சட்டை, அதாவது பழைய தோல், உரித்துவிட்டாள், நல்லபடியாக இருக்கிறாள். இனி நீ நிதானமாகப் படிக்கலாம். நேற்றுப் போனில் நீ கேட்டதற்கெல்லாம் எனக்குக் கோவையாகப் பதில் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒரு மாதமாகவே அவள் இரை எடுக்கவில்லை. வயிற்றின் மேல் முடி உதிர்ந்திருந்த வழுக்கை இடம் நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே வந்தது. பாய் விரிப்பதுபோலத் தரையில் நூல் பரப்பத் தொடங்கிய அன்றே, தின்னாமல் விட்டிருந்த கரப்பானை இடுக்கியால் எடுத்து வெளியே போட்டுவிட்டேன். போன வாரம் திங்கட்கிழமை காலையில் அந்த நூல்பாயின் மேல் மல்லாந்து கிடந்தாள். உன் அம்மா பார்த்துவிட்டு, "பிள்ளை நம்மை நம்பி விட்டுப்போன ஜீவன் போய்விட்டதே" என்று அழவே தொடங்கிவிட்டாள். செத்துப்போகிற சிலந்தி கால்களை அடியில் சுருட்டிக்கொள்ளும், மல்லாந்து கிடந்தால் சட்டை உரிக்கிறது என்று நீ எழுதிவைத்த நோட்டைப் படித்துக்காட்டிய பிறகுதான் அடங்கினாள்.

நான் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டேன். பதினொரு மணிவாக்கில், கண்கள் இருக்கும் அந்த முன்பக்க ஓடு சம்படத்து மூடிபோலப் பிளந்து திறந்தது. பிறகு எட்டுக் கால்களையும் ஒருசேர, கொஞ்சம் இழுத்து, ஓய்ந்து, மறுபடி இழுத்து உருவினாள். வெளியே வந்த கால்கள் ஈரமாக, வெளுத்து, நனைத்த திரிபோல இருந்தன. கடிக்கும் பற்கள் இரண்டும் பச்சரிசி வெள்ளை. கண்ணாடியைக்கூட நான் தொடவில்லை. இரண்டரை மணிக்கு எல்லாம் முடிந்தது. இருட்டிய பிறகுதான் புரண்டு எழுந்து நின்றாள்.

நீ கவலைப்பட்ட அந்த இடது பக்கத்து இரண்டாவது கால் முளைத்துவிட்டது, கண்ணு. மற்றக் கால்களில் பாதிப் பருமன்கூட இல்லை. ஆனாலும் ஊன்றி நடக்கிறாள். அடுத்தடுத்த உரிப்பில் சரியாகிவிடும் என்று உன் நோட்டிலேயே இருக்கிறது.

முப்பது வருடம் பட்டுப்புழு வளர்த்த எனக்கு இது ஒன்றும் புதிதில்லை. புழு நான்கு முறை தோலுரிக்கும். ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் போல அசையாமல் இருக்கும். அப்போது மல்பெரித் தழை போடக்கூடாது. ஏறக்குறைய எல்லாப் புழுவும் உரித்து எழுந்த பிறகுதான் போட வேண்டும். நீ ஏழாவது படிக்கும்போது, ஒரு கல்யாணத்துக்குப் போகும் அவசரத்தில், பாதிப் புழு எழுவதற்கு முன்பே நான் தழையைப் போட்டுவிட்டுப் போனேன். எழுந்தவை தின்று பெருத்தன, மற்றவை பின்தங்கின. ஒன்று பழுத்து, கூடு கட்டும் தட்டான சந்திரிகையில் ஏறும்போது இன்னொன்று தழை தின்றுகொண்டிருந்தது. அந்தக் கூட்டைத் தர்மபுரி அங்காடிக்குக் கொண்டுபோனபோது கிடைத்த விலையை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. சாமந்திக்குப் பசிக்குமே என்று அம்மா தினமும் இரண்டு முறை சொல்கிறாள். ஒரு மாதம் தாங்கியவள் இன்னும் சில நாள் தாங்குவாள். பல் கெட்டிப்படுவதற்கு முன் இரை போட்டால் அவளுக்குத்தான் கேடு. அந்த மெல்லிய உடம்பைக் கரப்பானே கடித்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் என் கை தவறு செய்யப் பார்த்தது. புழு தோலுரிக்கும்போது சுண்ணாம்புத்தூள் தூவிப் படுக்கையைக் காயவைப்போம். ஈரம் ஆகாது. அந்தப் பழக்கத்தில், இவள் இரை நிறுத்தியதுமே தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கப் போனேன். நல்லவேளையாக நோட்டைப் பார்த்தேன். சிலந்தி உடம்புக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தால்தான் காலையே நீட்டுகிறது, நீர் குறைந்தால் பழைய தோலுக்குள் சிக்கிக்கொள்ளும் என்று எழுதியிருந்தாய். இப்போது தினமும் காலையில் கிண்ணத்தை நிரப்புகிறேன். அவள்மேல் தெளிப்பதில்லை. கொசுவர்த்திச் சுருளையும் அந்த அறையில் நிறுத்தியாயிற்று. புழு வளர்ப்பு மனை கழுவுகிற பிளீச்சிங் வாளி அந்தப் பக்கமே வருவதில்லை.

உரித்த சட்டையை வெறுங்கையால் எடுத்துவிட்டேன். முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி பட்டதுபோல இரண்டு நாள் அரிப்பு. ஆனால் அந்தச் சட்டையை நீ பார்க்க வேண்டும். பல், ஓடு, மூச்சு விடுகிற ஏடுகளின் உள்தோல் வரைக்கும் அதில் வந்திருக்கிறது. நீ சொன்னபடி சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வயிற்றுப் பகுதியை விரித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முன் ஜோடி மூச்சு ஏடுகளுக்கு நடுவில் சின்ன மடல் ஒன்று தெரிகிறது. பெண்தான். நீ வைத்த பெயர் பொருந்திவிட்டது. மிச்சத்தைப் பஞ்சு போட்டு இனிப்பு டப்பாவில் வைத்திருக்கிறேன்.

பெண் என்றால் இருபது வருடத்துக்கு மேலும் இருப்பாளாமே. "உங்களுக்குத் தொந்தரவாக இருந்தால் யாரிடமாவது கொடுத்துவிடலாம் அப்பா" என்று போன மாதம் சொன்னாய். கொடுக்க மாட்டேன். நீ ஜெர்மனியில் படிப்பை முடித்துவிட்டு எப்போது வருகிறாயோ, அப்போது வந்து பார். வந்து திரும்பிப் போனாலும் அவள் இங்கேதான் இருப்பாள். நீ போன பிறகு இந்த வீட்டில் காலையில் எழுந்ததும் நான் முதலில் போய்ப் பார்ப்பது அவளைத்தான்.

இன்று டார்ச் அடித்துப் பார்த்தேன். பல்லின் நுனி கறுத்துவிட்டது, அடிப்பாகம் இன்னும் செம்மண் நிறத்தில் இருக்கிறது. வரும் திங்கட்கிழமையோடு 14 நாள் ஆகிறது. அன்றைக்குச் சின்னக் கரப்பானாக ஒன்று, தலையை நசுக்கிப் போடப்போகிறேன். நம் நேரத்துக்கு மாலை 5 மணி, உனக்கு அங்கே மதியச் சாப்பாட்டு வேளை. போனைப் பெட்டிக்கு எதிரில் நிறுத்திவைக்கிறேன், நீயும் பார்.

அன்புடன்,
அப்பா