நறுமண எண்ணெய்க் குறிப்புகளோடு அளவையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான இயற்கை அழகுக் குறிப்புகளில், முகப்பருவின் மேல் டீ ட்ரீ ஆயிலை (ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் இலை எண்ணெய்) பஞ்சில் தொட்டு வைக்கலாம், கரும்புள்ளி மறைய எலுமிச்சை எண்ணெயைத் தேய்க்கலாம், சளி பிடித்த குழந்தையின் மூக்கருகே நீலகிரித் தைலத்தைத் தடவலாம் என்று யோசனைகள் சொல்லப்பட்டிருந்தன. எத்தனை சொட்டு, எந்த எண்ணெயில் கலந்து, எந்த வயதினருக்குக் கூடாது என்ற விவரம் எதிலும் இல்லை. அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்று, இந்த எண்ணெய்கள் கடைக்குக் கடை விற்கப்படும் குன்னூரில் வசிப்பவன் என்ற முறையில், விடுபட்ட அந்த விவரங்களை வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

நீலகிரித் தைலம் தருவதும் நாங்கள் கற்பூர மரம் என்று சொல்வதுமான யூகலிப்டஸ், ஆங்கிலேயர் காலத்தில் விறகுத் தேவைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்த மரம். அதன் இலைகளைப் பெரிய கொப்பரையில் திணித்து, தண்ணீர் விட்டு, அடியில் தீ மூட்டி, எழும் ஆவியைக் குழாய் வழியாகக் குளிர்வித்தால், வடியும் தண்ணீரின் மேல் எண்ணெய் மிதந்து நிற்கும். நூறு கிலோ இலையைக் காய்ச்சினால் கிடைப்பது ஏறத்தாழ ஒரு கிலோ எண்ணெய்தான். ரோஜா எண்ணெய் ஒரு கிலோ எடுக்க மூன்று, நான்கு டன் இதழ்கள் வேண்டும். நம் வீடுகளில் புழங்கும் நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்றவற்றை உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்த்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. அதே கையோடு இந்தச் சிறு புட்டிகளையும் கவிழ்ப்பதில்தான் கேடு தொடங்குகிறது. இலையாக இருந்தபோது இருந்த சாரம், புட்டிக்குள் பல மடங்கு செறிந்து, சினியோல், யூஜினால், மென்தால் என்று மருந்துக்கு நிகரான வேதிப்பொருளாகவே இருக்கிறது. செடியிலிருந்து வந்தது என்பதால் அதன் வீரியம் குறைந்துவிடுவதில்லை.

கணக்கு எளிதானதுதான். பொதுவாக இருபது சொட்டு ஒரு மில்லி லிட்டர் என்று கொள்ளலாம். எனவே நூறு மில்லி தேங்காய் எண்ணெயில் இருபது சொட்டுக் கலந்தால் அது ஒரு சதவீதக் கலவை. சிறிதளவே தேவையென்றால், ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய்க்கு ஒரு சொட்டு. முகத்துக்கு அரை முதல் ஒரு சதவீதமும், ஆரோக்கியமான பெரியவர்களின் உடம்புக்கு இரண்டு சதவீதமும் போதும் என்பதே இத்துறையில் பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. இலவங்கப்பட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்கு இந்த வரம்பும் அதிகம். அதை வீட்டில் தோலுக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. கலவையை முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் பொறுத்து, அரிப்போ சிவப்போ இல்லையென்று உறுதியான பிறகே முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். குளிக்கிற வாளியில் நேரடியாகச் சொட்டு விடுவதும் சரியன்று. எண்ணெய் தண்ணீரில் கரையாது. மேலே மிதந்து, முதல் சொம்பிலேயே கலப்பில்லாத எண்ணெயாகத் தோலில் வந்து ஒட்டும். கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தங்கள் குறிப்பில் வந்த டீ ட்ரீ ஆயிலை எடுத்துக்கொள்வோம். முகப்பருவுக்கு அது பயன் தருவதாகக் காட்டிய, இன்றும் பலரும் மேற்கோள் காட்டும் ஆய்வு 1990-இல் ஆஸ்திரேலியாவில் வெளியானது. அதில் பயன்படுத்தியது ஐந்து சதவீதக் கலவை. முகப்பருவுக்கு வழக்கமாகத் தரும் மருந்தான பென்சாயில் பெராக்சைடோடு ஒப்பிட்டால் பலன் கிடைக்கச் சற்றுக் காலம் பிடித்தது, எரிச்சல் குறைவாக இருந்தது. அந்த ஐந்து சதவீதம்கூட ஆய்வகத்தில் அளந்து தயாரித்த ஜெல். பலன் தெரிந்தது ஐந்து சதவீதத்தில் என்னும்போது, நூறு சதவீத எண்ணெயைப் பஞ்சில் நனைத்துப் பருவின் மேல் ஒற்றச் சொல்வதற்கு அந்த ஆய்வை ஆதாரமாகக் காட்டுவது முறையா? மேலும், திறந்து வைத்த டீ ட்ரீ ஆயில் காற்றோடும் வெளிச்சத்தோடும் சேர்ந்து மாறி, ஒவ்வாமையைத் தூண்டும் தன்மை கூடிப்போகும். சாதுவானது என்று பெயரெடுத்த லாவெண்டருக்கும், ஆரஞ்சு எண்ணெய்க்கும் இது பொருந்தும். குளியலறை ஜன்னல் விளிம்பில் மூடி தளர்ந்த நிலையில் ஓராண்டாக நிற்கும் புட்டி, விலை எவ்வளவு இருந்தாலும், தோலுக்குப் போடத்தக்கதன்று. திறந்த தேதியைப் புட்டியின் மேலேயே எழுதி வைப்பதும், கரும்பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடிக் குளிர்ந்த இடத்தில் வைப்பதும் நல்ல வழக்கம்.

எலுமிச்சை எண்ணெய் இதைவிடக் கவலைக்குரியது. பழத்தோலைப் பிழிந்து எடுக்கும் எலுமிச்சை, பெர்கமாட் (எலுமிச்சை இனப் பழம் ஒன்று) எண்ணெய்களில் ஃபியூரோகுமரின் என்ற வகைப் பொருள்கள் உள்ளன. அவற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால், தடவிய இடத்தில் மட்டும் தீக்காயம் போலச் சிவந்து, சில சமயம் கொப்புளித்து, ஆறிய பின் கருத்த தழும்பாக நின்றுவிடும். நம் நாட்டு மாநிறத் தோலில் அந்தக் கருமை மாதக்கணக்கில் மறையாது. கரும்புள்ளி போக என்று தடவியவருக்கு, அதைவிடப் பெரிய கரும்படலம் மிச்சமாகும். அப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் வெயிலையே பழி சொல்வார்கள். எண்ணெய் அவர்கள் நினைவுக்கே வராது. உலக வாசனைப் பொருள் தொழிலமைப்பான இஃப்ரா, தோலில் தங்கும் தயாரிப்புகளில் பெர்கமாட்டுக்கு 0.4 சதவீதமும் பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெய்க்கு இரண்டு சதவீதமும் வரம்பாக வைத்திருக்கிறது. ஆவியில் காய்ச்சி வடித்தவற்றில் இந்தப் பொருள்கள் வருவதில்லை. ஆனால் புட்டியின் மேல் 'லெமன் ஆயில்' என்று மட்டும் இருந்தால் அது பிழிந்ததா, வடித்ததா என்று வாங்குபவர் எப்படி அறிவார்? எது என்று தெரியாதபோது, தடவிய பின் குறைந்தது பன்னிரண்டு மணி நேரம் அந்த இடத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதாவது இரவில் மட்டும், அதுவும் நீர்த்த கலவையாக.

இனி எங்கள் ஊரில் சுற்றுலாப் பயணிகள் தவறாமல் வாங்கிச் செல்லும் விண்டர்கிரீன் எண்ணெய். மூட்டுவலிக்கு என்று நீலகிரித் தைலத்துக்குப் பக்கத்திலேயே, அதே அளவுப் புட்டியில், அதே நிற மூடியோடு அடுக்கி வைத்திருப்பார்கள். இதில் ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட். ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. ஒரு டீஸ்பூன், அதாவது ஐந்து மில்லி விண்டர்கிரீன் எண்ணெயில் உள்ள சாலிசிலேட், சுமார் ஏழு கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். 325 மில்லி கிராம் மாத்திரைகள் இருபதுக்கும் மேல். ஒரு சிறு குழந்தையின் உயிரைப் பறிக்க அந்த ஒரு டீஸ்பூன் போதும். குடித்தால்தான் ஆபத்து என்றும் இல்லை. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடும் முதியவர் ஒருவர் இதைத் தினமும் முழங்காலில் தாராளமாகத் தேய்த்து, மேலே வெந்நீர் ஒத்தடமும் கொடுத்தால், தோல் வழியாக உள்ளே போகும் அளவு கூடி, இரத்தக்கசிவு ஏற்படலாம். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களுக்கும் இது ஆகாது. மருந்துக் கடையில் இதைச் சொல்லி அனுப்ப ஒருவர் இருப்பார். சாக்லெட்டும் வறுக்கியும் விற்கும் கடையில் யார் சொல்வது?

குழந்தைகள் விஷயத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் மனம் வருந்தக்கூடிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சளி பிடித்த கைக்குழந்தைக்குத் தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி, அதில் கற்பூரத்தைப் போட்டுக் கரைத்து, ஆறியதும் மார்பிலும் முதுகிலும் தேய்ப்பது பல தலைமுறைப் பழக்கம். ஆனால் கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்பில் ஏறும், வலிப்பை உண்டாக்கும். அமெரிக்காவில் தோலில் தடவும் மருந்துகளில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று விதி இருக்கிறது. நம் வீட்டுக் கரண்டியில் எத்தனை வில்லை எவ்வளவு எண்ணெயில் விழுகிறது என்பதை யாரும் அளப்பதில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கற்பூரம் எந்த வடிவிலும் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. புதினா எண்ணெயின் மென்தாலோ, நீலகிரித் தைலமோ பச்சிளங்குழந்தையின் மூக்கருகே பட்டால், குரல்வளை இறுகி மூச்சு நிற்கும் அபாயமும் உண்டு. நீலகிரித் தைலத்தைச் சில மில்லி விழுங்கினாலே குழந்தைகளுக்கு மயக்கமும் வலிப்பும் வரக்கூடும். பெரியவர்களுக்கும் யூகலிப்டஸ், கற்பூரம் கலந்த தைலங்களால் வலிப்பு வந்ததைப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் ஆய்விதழ்களில் பதிவு செய்துள்ளனர். வலிப்பு நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், ஆஸ்துமா உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடங்கக்கூடாது. அறையில் நறுமணம் பரப்பும் டிஃப்யூசரைப் பொறுத்தவரை, ஜன்னலைத் திறந்து வைத்து அரை மணி நேரம் வைத்தால் போதும். இரவெல்லாம் எரிய விடுவது வேண்டாத வேலை. வீட்டில் பூனை இருந்தால் அதுவும் வேண்டாம், பூனையின் கல்லீரலால் இவற்றில் பலவற்றைச் செரித்து வெளியேற்ற முடியாது.

இவை எல்லாம் விஷம், வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தலைவலிக்கு நெற்றியில் நீர்த்த தைலம் தடவி நானும் ஆறுதல் அடைவதுண்டு. கேட்பது ஒன்றுதான்: குறிப்பு எழுதுபவரும் விற்பவரும் அளவைச் சொல்லட்டும். ஆபத்து விளைவிக்கக்கூடிய அழகுசாதனப் பொருளாயின், பாதுகாப்பாகப் பயன்படுத்தும் முறையும் எச்சரிக்கையும் அதன் லேபிளில் இருக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகள் கூறுகின்றன. ஆனால் நான் பார்க்கும் புட்டிகள் பலவற்றில் '100 சதவீதம் இயற்கையானது' என்பதற்கு மேல் ஒரு வரி இல்லை. தாவரத்தின் பெயர், எடுத்த முறை, நீர்க்க வேண்டிய அளவு, 'உட்கொள்ளக்கூடாது', 'குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்' ஆகியவற்றைத் தமிழில் அச்சிட ஒரு விரற்கடை இடம் போதும். கூடவே, புட்டியின் வாயில் சொட்டுச் சொட்டாக மட்டும் விழச் செய்யும் பிளாஸ்டிக் அடைப்பான் கட்டாயம் வேண்டும். மூடியைத் திருகியதும் அகன்ற வாயோடு நிற்கும் புட்டியிலிருந்து, ஒரு குழந்தை ஒரே மடக்கில் முழுவதையும் குடித்துவிட முடியும்; அடைப்பான் இருந்தால் நாலைந்து சொட்டு நாக்கில் படுவதற்குள் காரம் தாங்காமல் கீழே போட்டுவிடும். மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் சுற்றுலாத் தலக் கடைகளையும் இணையவழி விற்பனையையும் இந்தக் கண்ணோட்டத்தில் ஒருமுறை பார்வையிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஓர் அவசரக் குறிப்பு. இதை மட்டுமாவது தனியாகக் கட்டமிட்டு வெளியிட வேண்டுகிறேன். குழந்தை இத்தகைய எண்ணெயைக் குடித்துவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்தோ தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. மண்ணெண்ணெய் குடித்த குழந்தைக்குச் சொல்வது போலத்தான் இதுவும். வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். குழந்தை அப்போது நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும், வலிப்பு வரும் வரை காத்திராமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடமாவது கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். போகும்போது அந்தப் புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உள்ளே போனது நீலகிரித் தைலமா, விண்டர்கிரீனா என்பதைப் பொறுத்து சிகிச்சையே மாறும். மணத்தை வைத்து மட்டும் மருத்துவரால் அதை முடிவு செய்ய இயலாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.