அலமாரிக்கு அழகு சேர்க்க நாங்கள் கலைக்களஞ்சியம் வாங்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுவழிக் கல்வி பற்றித் தங்கள் இதழில் சென்ற மாதம் வெளிவந்த கட்டுரையில், ‘அச்சிட்ட கலைக்களஞ்சியம் இன்று அலமாரியை அலங்கரிக்கும் பொருள் மட்டுமே, கைப்பேசி இருக்கும் வீட்டுக்கு அது எதற்கு?’ என்று ஒரு வரி இருந்தது. கட்டுரையில் எனக்கு உடன்பாடில்லாத வேறு பல கருத்துகளும் இருந்தன. அவற்றையெல்லாம் பொறுமையாகப் படித்து முடித்தேன். இந்த வரியை மட்டும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. என் பிள்ளைகள் இருவரையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் தாய் நான். எங்கள் வீட்டுக் களஞ்சியத் தொகுதிகள் முதுகில் ஒட்டுப் பிரிந்து, பக்க ஓரங்கள் கைபட்டுக் கறுத்துப் போய், இரண்டு தொகுதிகள் நூல் கட்டியே நிற்கின்றன. அழகுக்கு வைத்த பொருளை யாரும் அந்தப் பாடு படுத்துவதில்லை.

பிரிட்டானிக்காவே அச்சை நிறுத்திவிட்டது, எனவே அச்சுக் களஞ்சியங்களின் காலம் முடிந்துவிட்டது என்று கட்டுரையாளர் தீர்ப்புச் சொல்கிறார். 1768இல் எடின்பரோவில் தொடங்கிய அந்தக் களஞ்சியம், 32 தொகுதிகள் கொண்ட 2010ஆம் ஆண்டுப் பதிப்போடு அச்சை நிறுத்துவதாக 2012இல் அறிவித்தது உண்மைதான். ஆனால் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்காகவே எழுதப்படும் வேர்ல்டு புக் 22 தொகுதிகளாக இன்றும் அச்சில் வந்துகொண்டிருக்கிறது; அதன் நீண்ட கட்டுரைகள் எளிய நடையில் தொடங்கி, போகப் போக ஆழமாகச் செல்லும்படி அமைக்கப்பட்டவை என்பதும் தாங்கள் அறியாததல்ல. தமிழைப் பற்றியாவது ஒரு சொல் இருக்கும் என்று கடைசிப் பத்தி வரை தேடினேன். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியம் வெளியிட்டதையும், அதை முடித்த கையோடு குழந்தைகளுக்கென்றே இன்னொரு பத்துத் தொகுதிகளை 1976க்குள் கொண்டுவந்ததையும், ஒரு தமிழ் இதழின் கலைக்களஞ்சியம் பற்றிய கட்டுரை நினைவுகூரவில்லை என்றால், அதை யாரிடம் போய்ச் சொல்வது?

கைப்பேசி போதும் என்பவர்கள், பிள்ளை ஏதேனும் ஒன்றைத் தேடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. என் மகன் ஒருநாள் மின்னலைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தொகுதியைத் திறந்தான். ‘மின்சாரம்’ கிடைத்தது, அதற்குப் பின்னால் ‘மின்மினி’ வந்தது, மின்னலைக் காணோம் என்று மூடப் போனான். அகரவரிசையில் றகரமும் னகரமும் மெய்களின் கடைசியில்தான் வரும் என்று சொன்னதும், மறுபடியும் திறந்து, பக்கத்தைப் புரட்டி, தானே கண்டுபிடித்தான். அதற்குள் மின்மினியின் ஒளி அநேகமாக வெப்பமே இல்லாமல் எப்படி வருகிறது என்பதைப் படித்துவிட்டான். மின்னல் கட்டுரையின் இறுதியில் ‘இடி காண்க’ என்றிருந்ததால் வேறொரு தொகுதியையும் எடுத்து வந்தான். தேடுபொறியில் கேட்டிருந்தால் விடை நொடியில் வந்திருக்கும்; தேடல் அந்த இடத்திலேயே முடிந்தும் இருக்கும். ஆசிரியரும் வகுப்பும் பாட அட்டவணையும் இல்லாத வீட்டில், அடுத்து எதைப் படிப்பது என்பதைப் பிள்ளையின் ஆர்வமே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஆர்வத்தைப் பக்கம் பக்கமாக அழைத்துச் செல்ல எங்களுக்குக் கிடைத்த துணை இந்தத் தொகுதிகள்தாம். அச்சிட்ட பக்கத்தில் விளம்பரம் குறுக்கே வராது. அடுத்த காணொளி தானாக ஓடத் தொடங்காது. இதை எழுதித்தான் தெரிவிக்க வேண்டும் என்ற நிலை வந்ததே எனக்கு வருத்தம்.

பழைய பதிப்பில் தகவல்கள் காலாவதியாகியிருக்கும் என்பது கட்டுரையாளரின் அடுத்த வாதம். ஆம், எங்கள் தொகுதியில் சூரியனுக்கு ஒன்பது கோள்கள். இணையத்தில் எட்டு என்று பார்த்த என் மகள், எது பொய் என்று சண்டைக்கே வந்துவிட்டாள். தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் அச்சாகியிருந்த பதிப்பாண்டைப் பார்க்கச் சொன்னேன். 2006ஆம் ஆண்டு ஆகஸ்டில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் கோளுக்கு வரையறை வகுத்தது என்பதையும், சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பால் உருண்டை வடிவம் பெற்றிருக்க வேண்டும், தன் சுற்றுப்பாதையின் அக்கம்பக்கத்தில் மற்றப் பொருள்கள் மிஞ்சாதபடி துப்புரவாக்கியிருக்க வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளில் கடைசியில்தான் புளூட்டோ தவறியது என்பதையும் அவளே தேடி எழுதினாள். அதற்குப் பிறகு, 2011இல் பிறந்த தென் சூடான் எங்கள் நிலப்படத்தில் இல்லாததையும், 2016இல் பெயரிடப்பட்ட நான்கு தனிமங்களுக்குத் தனிம அட்டவணையில் பெயரே இல்லாததையும் அவள் கண்டுபிடித்து, பென்சிலால் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறாள். அறிவு எப்போது, யாரால், எதனால் திருத்தப்படுகிறது என்று காட்ட இதைவிட நல்ல பாடப்புத்தகத்தை நான் எங்கே வாங்குவேன்? இணையப் பக்கத்தில் பழைய வரி அழிந்து புதிய வரி வந்து உட்கார்ந்துவிடுகிறது; மாற்றம் நடந்ததே சாதாரணமாகப் படிக்கும் பிள்ளையின் கண்ணில் படுவதில்லை.

‘நேச்சர்’ அறிவியல் இதழ் 2005இல் விக்கிப்பீடியாவையும் பிரிட்டானிக்காவையும் வைத்துச் செய்த ஒப்பீட்டையும் கட்டுரையாளர் ஆயுதமாக எடுத்து, இரண்டும் சமம் என்று எழுதியிருக்கிறார். அதில் ஒப்பிடப்பட்டவை 42 அறிவியல் தலைப்புகள். நிபுணர்கள் கண்ட பிழைகளும் குறைகளும் விக்கிப்பீடியாவில் 162, பிரிட்டானிக்காவில் 123. அப்படி எழுத இந்த எண்கள் எப்படி உதவின என்பது எனக்கு விளங்கவில்லை. அது போகட்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கட்டுரைகள் புரியுமா, முதலிலிருந்து முடிவு வரை படிக்குமா என்பதை அந்த ஒப்பீடு ஆராயவே இல்லை. எங்களுக்கு அதுதான் கேள்வி.

இந்த ஒரு வரிக்கு இவ்வளவு கோபமா என்று தாங்கள் நினைக்கலாம். இது ஒரு வரியோடு வந்த கோபமல்ல. முன்பொருமுறை தங்கள் இதழிலேயே, எங்களைப் போன்ற பெற்றோர் பிள்ளைகளை உலகத்திடமிருந்து ஒளித்து வளர்ப்பதாக எழுதினீர்கள். நான் அனுப்பிய மறுப்பின் முதல் பாதியை மட்டும் வெளியிட்டதால், அந்தக் குற்றச்சாட்டை நானே ஒப்புக்கொண்டது போல ஆயிற்று. சிறுவர்களின் அறிவியல் கேள்விகளுக்குப் பதில் தந்த அரைப் பக்கத்தை ஒரு வார்த்தை சொல்லாமல் நிறுத்தினீர்கள். என் பிள்ளைகள் அந்தப் பதில்களைக் களஞ்சியத்தோடு ஒப்பிட்டுப் படித்து வந்தார்கள், அடுத்த இதழ் எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். நாங்கள் சென்றுவந்த நூலகம் ஒன்று தன் மேற்கோள் நூல்களை எடைக்குப் போட்டபோது அதைப் பற்றி எழுதும்படி வேண்டினேன், பதிலே இல்லை. இப்போது வீட்டில் மிஞ்சியிருக்கும் தொகுதிகளும் அலங்காரப் பொருள் என்றால், நாங்கள் எதைத்தான் வைத்துப் பாடம் நடத்துவது?

எல்லாக் குடும்பங்களும் கடன் வாங்கியாவது புதிய தொகுதி வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதில் அது வீண். மேல்வகுப்புப் பாடங்களுக்கு அது போதாது. எட்டு வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டில்தான் அதற்கு முழு வேலை இருக்கிறது. யாரோ வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய தொகுதியே போதும். வாங்கும்போது எல்லாத் தொகுதிகளும் இருக்கின்றனவா, குறிப்பாகப் பொருளடைவுத் தொகுதி இருக்கிறதா, பதிப்பாண்டு எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பொருளடைவு இல்லாவிட்டால், தனித் தலைப்பு இல்லாத செய்தி எந்தக் கட்டுரைக்குள் இருக்கிறது என்று பிள்ளையால் கண்டுபிடிக்க முடியாது. மருத்துவம், சட்டம், மக்கள்தொகை போன்றவற்றுக்கு இணையத்தையே நம்ப வேண்டும். இவ்வளவையும் அந்தக் கட்டுரை இரண்டு பத்திகளில் சொல்லியிருக்கலாம். படிக்கும் பெற்றோருக்குப் பயன்பட்டிருக்கும்.

நான் கேட்பது பெரிதல்ல. அச்சுக் கலைக்களஞ்சியங்கள் இன்றும் வெளிவருகின்றன என்ற ஒரு வரித் திருத்தத்தை அடுத்த இதழில் வெளியிடுங்கள். சென்ற முறை இந்தக் கடிதப் பகுதியின் அடியில் சிறிய எழுத்தில் திருத்தம் போட்டீர்கள். இம்முறை அந்தக் கட்டுரை வந்த பக்கத்திலேயே போடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டில் கற்பிக்கும் ஒரு தாய்