ஷிராஸ் பற்றிய புகார்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மெல்போர்னில் நம் பகுதித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் நம் கடையில் விற்கும் ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினைப் பற்றி ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். "ஷிராஸ் என்று சொல்லி வேறு எதையோ விற்கிறார்கள். தண்ணியாக இருக்கிறது, புளிக்கிறது, மிளகு எசன்ஸ் கலந்திருக்கிறார்கள்" என்பது அதன் சாரம். கடைக்கு வந்து கேட்டவர்களுக்கு நேரிலேயே பதில் சொல்லிவிட்டோம். கேட்காதவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறோம்.

சுவை பிடிக்கவில்லை என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், அது அவரவர் நாக்கு. ஆனால் "கலப்படம்" என்ற சொல் எங்களை மிகவும் வருத்திவிட்டது. நாங்கள் பாட்டில் விற்கிறவர்கள், ஒயினை ஊற்றி நிரப்புகிறவர்கள் அல்ல. திருகு மூடிக்குக் கீழே இருக்கும் பட்டை உடையாமல் உங்கள் கைக்கு வருகிறது. அந்தப் பட்டையை முதலில் உடைப்பது நீங்கள்தான். வாசனைப் பொருள் சேர்த்த பானத்தை ஆஸ்திரேலியாவில் வெறும் 'ஒயின்' என்று பெயரிட்டு விற்கவும் முடியாது. லேபிளில் ஓர் ஊரின் பெயரும் ஒரு திராட்சையின் பெயரும் போட்டால், குறைந்தது 85 சதவீதம் அந்த ஊரில் விளைந்ததாகவும் அந்தத் திராட்சையாகவும் இருக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். செய்தியில் படம் பிடித்துப் போட்டிருந்த பாட்டிலின் லேபிளிலேயே 'கிராம்பியன்ஸ், ஷிராஸ்' என்று தெளிவாக இருக்கிறது.

விஷயமே அந்த முதல் சொல்லில்தான் இருக்கிறது. நீங்கள் பல வருடங்களாக நம்மிடம் வாங்கிக் குடித்துப் பழகியது தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா ஷிராஸ். இப்போது அதோடு, நம் விக்டோரியாவின் மேற்கே இருக்கும் கிராம்பியன்ஸ் மலைப்பகுதி ஷிராஸையும் வைத்திருக்கிறோம். இரண்டும் ஒரே திராட்சைதான். பிரான்சில் 'சிரா' என்று சொல்வதும் இதே திராட்சைதான். ஈரானின் ஷிராஸ் நகரத்திலிருந்து வந்தது என்று ஒரு கதை நெடுங்காலம் உலவியது. தென்கிழக்கு பிரான்சின் துரேசா, மொந்தூஸ் பிளான்ஷ் என்ற இரண்டு ரகங்களின் பிள்ளை இது என்று 1990களின் இறுதியில் மரபணுச் சோதனை காட்டிவிட்டது. ஜேம்ஸ் பஸ்பி என்பவர் 1832இல் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த கொடிக் குச்சிகளோடு ஆஸ்திரேலியாவுக்கும் வந்து சேர்ந்தது.

திராட்சை ஒன்று என்றால் சுவையும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். குவீன்ஸ்லாந்து வெயிலில் வளர்ந்த கறிவேப்பிலையையும், மெல்போர்ன் குளிரில் தொட்டியில் தவித்து வளர்ந்த கறிவேப்பிலையையும் கசக்கி முகர்ந்து பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறோம்.

பரோசாவில் கோடை சூடாகவும் வறண்டும் இருக்கும். வெயில் ஏற ஏறப் பழத்தில் சர்க்கரை ஏறும், அந்தச் சர்க்கரைதான் நொதித்து ஆல்கஹால் ஆகிறது. அதே சூட்டில், பழத்துக்குப் புளிப்பைத் தரும் மாலிக் அமிலம் எரிந்து குறைந்துவிடும். அதனால்தான் பரோசா ஷிராஸ் பெரும்பாலும் 14.5, 15 சதவீத ஆல்கஹாலோடு கெட்டியாக, பழுத்த பிளம், சாக்லேட் வாசனையோடு, புளிப்புத் தெரியாமல் இருக்கிறது. கூடவே, அங்கே அமெரிக்க ஓக் பீப்பாயில் ஊற வைப்பது பழைய வழக்கம். உங்களில் பலர் விரும்பும் அந்த வெனிலா, தேங்காய் வாசனை மண்ணிலிருந்து வருவதல்ல, மரத்திலிருந்து வருவது. கொடிகளின் வயதும் சேர்ந்துகொள்கிறது. உலகத்துத் திராட்சைத் தோட்டங்களை அழித்த ஃபைலாக்ஸெரா என்ற வேர்ப் பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையவே இல்லை. 1840களில் நட்ட கொடிகள் சொந்த வேரில் இன்றும் அங்கே காய்க்கின்றன.

கிராம்பியன்ஸ் வேறு உலகம். மலையடிவாரம், இரவில் நல்ல குளிர். கிரேட் வெஸ்டர்ன் என்ற ஊரைச் சுற்றி 1860களிலேயே திராட்சை நட்டிருக்கிறார்கள், ஆக இதுவும் நேற்று முளைத்த சரக்கு இல்லை. அங்கே பழம் மெதுவாகப் பழுக்கும். சர்க்கரை அவ்வளவு ஏறாது, அமிலம் தங்கிவிடும். ஆகவே ஒயின் மெலிதாக, கொஞ்சம் புளிப்போடு இருக்கும். "தண்ணி, புளிப்பு" என்று அந்தச் செய்தி சொன்னது இதைத்தான்.

அப்புறம் அந்த மிளகு. இதை நாங்கள் விரிவாகவே சொல்ல விரும்புகிறோம், ஏனென்றால் எங்களைத் திருடர்களாக்கியது இதுதான். ஷிராஸில் மிளகு வாசனை ஏன் வருகிறது என்பது வெகுகாலம் பிடிபடாமலே இருந்தது. ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனம் அதற்குக் காரணமான பொருளைக் கண்டுபிடித்து 2008இல் வெளியிட்டது. அதன் பெயர் ரோட்டண்டோன். நம் சமையலறை மிளகின் வாசனைக்கும் முக்கியக் காரணம் அதே பொருள்தான். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் ஒரு கிராமின் நூறு கோடியில் 16 பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். அது பழத்தின் தோலில் உருவாகிறது. குளிர்ந்த இடத்தில், குளிர்ந்த வருடத்தில், நிழலில் தொங்கும் குலைகளில் அதிகம் சேரும், சூட்டில் குறையும். கிராம்பியன்ஸ் தோட்டம் ஒன்றை ஆராய்ந்தபோது, ஒரே தோட்டத்துக்குள்ளேயே இடத்துக்கு இடம் அதன் அளவு மாறுவதைப் பார்த்திருக்கிறார்கள். அந்த மிளகை யாரும் கலக்கவில்லை. அந்த மலைக் குளிர் போட்டது.

இன்னொன்று. சுமார் ஐந்தில் ஒருவருக்கு ரோட்டண்டோன் வாசனையே தெரியாது. ஒரே பாட்டிலைக் குடித்துவிட்டுக் கணவர் மிளகு என்பார், மனைவி இல்லவே இல்லை என்பார். இருவர் சொல்வதும் உண்மையே.

பிரான்சில் வட ரோன் பள்ளத்தாக்கின் கொர்னாஸ், எர்மிதாஜ் போன்ற செங்குத்தான கருங்கல் சரிவுகளில் விளையும் சிராவில் இந்த மிளகோடு ஆலிவும் புகையும் சேர்ந்து வரும். லேபிளில் ஊர்ப் பெயர் மட்டுமே பெரிதாக இருக்கும், திராட்சையின் பெயரைப் பெரும்பாலும் போடமாட்டார்கள். அந்தச் சுவைக்கு உலகம் பெரும் விலை கொடுக்கிறது. அதற்குப் பக்கத்தில் நிற்கக்கூடிய ஒன்று நம் மாநிலத்திலேயே கிடைக்கிறது என்பதால்தான் கிராம்பியன்ஸைக் கொண்டுவந்தோம். எங்களைக் கேட்டால் நம் சாப்பாட்டுக்கு இதுதான் பொருத்தம். காரத்தோடு 15 சதவீத ஆல்கஹால் சேர்ந்தால் நாக்கு இன்னும் எரியும். மிளகுக் கோழி, மட்டன் சுக்காவோடு கிராம்பியன்ஸ் ஷிராஸை ஃபிரிட்ஜில் கால் மணி நேரம் வைத்து எடுத்துக் குடித்துப் பாருங்கள். பரோசாவுக்கு மிளகாய் அதிகம் போடாத, நெருப்பில் வாட்டிய ஆட்டுக்கறி சரியாக இருக்கும்.

பரோசா வேண்டும் என்பவர்களுக்கு அது இனியும் கிடைக்கும். முன்கூட்டிச் சொன்னால் வரவழைத்துத் தருகிறோம், விலை மட்டும் பாட்டிலுக்கு 4 டாலர் கூடியிருக்கிறது.

இந்தச் சில வாரங்களில் எங்களுக்குத் துணை நின்றவர்களை மறக்க முடியாது. செய்தியைப் பார்த்ததும் அதை யாருக்கும் அனுப்பாமல் எங்களுக்குப் போன் செய்து "என்ன தம்பி, என்ன நடந்தது?" என்று கேட்ட அக்காமார்கள், அதே குழுவில் "கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்" என்று பதில் போட்ட அண்ணன்கள், வழக்கம்போல தீபாவளிக்கான பெட்டிகளுக்கு இப்போதே சொல்லிவைத்த குடும்பங்கள், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பெரிய சங்கிலிக் கடைகளில் இதைவிட மலிவாகக் கிடைக்கும் என்று தெரிந்தும் எங்களிடம் வருகிறீர்கள். அந்த நம்பிக்கைதான் இந்தக் கடை.

வரும் சனிக்கிழமை மாலை 4 மணி முதல் 6 மணி வரை கடையில் இரண்டு ஷிராஸையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி வைக்கிறோம். கட்டணம் இல்லை. பாட்டில்களை உங்கள் கண் முன்னாலேயே திறப்போம். அந்தச் செய்தியை எழுதியவரும் அவசியம் வர வேண்டும். வண்டி ஓட்டுகிறவர்கள் சுவைத்துவிட்டுத் துப்புவதற்குக் கிண்ணம் இருக்கும்.

அன்புடன்,
கடை உரிமையாளரும் குடும்பத்தாரும்